நடுகல்லும் நிழற்படமும்

சவ்வாது மலையடிவாரத்து நடுகல் ஒன்றை, நான்குக்கு ஐந்து அங்குல வண்ண ஸ்லைடு பிலிமில் எடுத்துத் தந்தார் நண்பர். ஒளிப்பெட்டியின்மேல் வைத்து நோக்கினோம். வீரனது வில்லோடு வட்டெழுத்து வரிகளும் துலங்கின. துறைச் சுவருக்கென அதனைத் தாளில் அச்சிட விழைந்தோம்.

ஸ்லைடிலிருந்து நேரே அச்சிடும் சிபாக்ரோம் தாளின் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல ஆயின. இருந்திருப்பினும் தயங்கியிருப்போம்: வண்ணம் மின்னும், நிழலோ மேலும் கறுக்கும். இடைநெகட்டிவ் எடுத்து அச்சிடும் முறையும் அருகிவிட்டது. எஞ்சியது ஸ்கேன் வழியே.

முதற்படி கண்ணைப் பறித்தது. ஆனால் எழுத்தின் பள்ளங்கள் இருளில் மூழ்கிவிட்டன! 1972இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது, கல்லின் அழகுக்காக மட்டுமன்று; கல் சொல்லும் செய்திக்காகவும் அன்றோ? படியைத் திருப்பியளித்தோம்.

நிழற்பகுதியை வெளிக்கொணருமாறு மீண்டும் ஸ்கேன் செய்வித்து, பளபளப்பற்ற தாளில் அச்சிடச் செய்தோம். நெகட்டிவில் நிறங்கள் தலைகீழாய் இருக்கும்; ஸ்லைடிலோ உள்ளவாறே இருக்கும். ஆதலின் ஸ்லைடையே அளவுகோலாக அருகில் வைத்து ஒப்பிட்டோம்.

"படம் சற்று மங்கல், ஐயா" என்றான் மாணவன் ஒருவன். மறுகணமே விரலை வரியின்மேல் ஓட்டி, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான்.