ஒரே ஏணை

தமிழ் சினிமாவில் இரட்டையர்கள் சேர்ந்து தூங்குவதில்லை. 1940இல் பி.யு. சின்னப்பா ‘உத்தம புத்திர’னில் இரண்டு பேராக வந்ததிலிருந்து, 1965இன் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யையும் தாண்டி, அவர்களைச் சின்ன வயதிலேயே பிரித்தாக வேண்டும் என்பது விதி. கடைசி ரீலில் சேர்த்துவைக்க வேண்டுமே. நம் கவிஞர்களுக்கோ இரட்டை என்பது ஒரு படிமம்: நிழல், கண்ணாடி, தன்னிலிருந்து கழன்றுபோன தான். இரண்டு சிசுக்களை இராத்திரி எங்கே படுக்கவைப்பது என்ற கேள்வி அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அது வீட்டில் இருக்கிறது.

திருவூடல் தெருவில் எங்கள் வீடு. என் தங்கைக்கு 34வது வாரத்தில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. பெரியது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், சின்னது ஒன்றரை. சின்னதை 19 நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தங்கை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடந்தாள். பெரியது அந்த 19 நாளும் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியது. இதைச் சொன்னால் கேட்பவர்களுக்குப் பிடிப்பதில்லை. “கூடப் பொறந்ததைத் தேடியிருக்குமே” என்கிறார்கள். தேடவில்லை.

சின்னது வீட்டுக்கு வந்த அன்று சண்டை ஆரம்பித்தது. தனித்தனியாகப் போடுங்கள், சமதளமாக, மல்லாக்காக என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா ஒரே ஏணை என்றாள். (மற்ற ஊர்களில் தூளி என்பதை எங்கள் பக்கம் ஏணை என்போம்.) “வவுத்துல ஒண்ணா கெடந்ததுங்கள இப்ப இன்னாத்துக்குடி பிரிக்கற?”

அம்மா இப்படிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அவளே இரட்டையில் ஒன்று. கூடப் பிறந்த பையன் ஆறாம் மாசம் காய்ச்சலில் போய்விட்டான். இருவரும் ஒரே ஏணையில் கிடந்தவர்கள். அவனைப் புதைத்துவிட்டு வந்த இராத்திரி, ஏணை சரியாகத் தாழாததால் அம்மா தூங்காமல் கத்தினாளாம். பாட்டி எழுந்துபோய் அம்மிக் குழவியைக் கழுவித் துடைத்து, பழம்புடவையில் சுற்றி, அவன் கிடந்த பக்கத்தில் வைத்தாள். அம்மா தூங்கினாள். வேறெந்த வீட்டிலும் இப்படிச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. குழவி என்ற சொல்லுக்குக் குழந்தை என்றும் அர்த்தம் என்பது பாட்டிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது எடை. நைஜீரியாவில் யொரூபா மக்கள், இரட்டையில் ஒன்று இறந்தால் மரத்தில் ஒரு சிறு உருவம் செதுக்கி, அதைக் குளிப்பாட்டி உடுத்திச் சோறூட்டி வைத்துக்கொள்வார்கள் என்று பிற்பாடு படித்தேன். அவர்களுக்கு அது சடங்கு. பாட்டிக்கு அது ஒரு இராத்திரியின் தேவை. அந்தக் குழவி அம்மாவோடு சீராக வந்தது. ஐம்பது வருஷம் அதில்தான் சட்னி அரைத்தாள்.

டாக்டரும் காரணமில்லாமல் சொல்லவில்லை. 1995இல் அமெரிக்காவின் வொர்செஸ்டர் நகர ஆஸ்பத்திரி ஒன்றில், குறைமாத இரட்டைப் பெண்களில் நலிந்த குழந்தையை ஒரு நர்ஸ் மற்றதன் பெட்டியிலேயே சேர்த்துப் படுக்கவைத்தாள். மூச்சு சீரானது. ஒன்றின் மேல் மற்றது கை போட்ட போட்டோ உலகம் சுற்றியது. ஒரு போட்டோ ஒரு கொள்கையாகிவிடுவது இலக்கியத்தில் மட்டும் நடப்பதல்ல. பிறகு செய்த சோதனைகள் சிறியவை. அவற்றை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஹெலன் பால் படமெடுத்துப் பார்த்தபோது, ஒரே கட்டிலில் கிடந்த இரட்டைகள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் விழித்தன, ஒரே நேரத்தில் தூங்கின. தாய்க்கு அது சின்ன லாபமில்லை. ஆனால் 2016லும் 2022லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொன்னது ஒன்றே: பெற்றோரின் அறையிலேயே, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிப் படுக்கை. காரணம் மூச்சு.

அந்தச் சங்கத்தின் மனசில் ஏணை இருந்திருக்காது. ஏணையில் ஒரு குழந்தை என்றாலே துணி வளைந்து முகவாய் மார்பில் படியும். இரண்டு போட்டால் பள்ளம் இரண்டையும் நடுவுக்கு இழுக்கும். கனத்தது லேசானதன் மேல் சாயும். இதில் பாசமும் இல்லை, விரோதமும் இல்லை. பூமியின் இழுப்பு. ஒன்பதாம் நாள் இராத்திரி இரண்டு மணிக்குத் தங்கை எழுந்து பார்த்தபோது, பெரியதின் முழங்கை சின்னதின் மூக்கை அடைத்திருந்தது. சின்னது அழவில்லை. அழுவதற்கு வேண்டிய மூச்சு அதனிடம் இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. வெளியே எடுத்து முதுகைத் தேய்த்து, அது கத்துவதற்குள் கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் எவ்வளவு நேரம் நின்றோம் என்று கணக்கில்லை. கத்தியது.

விடிவதற்குள் தரையில் ஒரு கையகலம் விட்டு இரண்டு பாய் விரித்தாள் தங்கை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பகலில், யாராவது பக்கத்தில் விழித்திருக்கும்போது மட்டும், உத்திரத்திலிருந்து இரண்டு ஏணை கட்டி, நடுவே ஒரு கயிறு முடிந்தாள். ஒன்றை ஆட்டினால் மற்றதும் ஆடும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

பிணைப்பு என்ற சொல் எனக்கு ஒத்துவருவதில்லை. ஜாமீனுக்கும் கன்றுக்குட்டிக்கும் உரிய சொல். இத்தாலியில் படோவா பல்கலைக்கழகத்தார் 2010இல் ஐந்து ஜோடி இரட்டைக் கருக்களைப் பார்த்து எழுதினார்கள்: 14வது வாரத்திலேயே கை மற்றதை நோக்கிப் போகிறது, 18வது வாரத்தில் இன்னும் அதிகமாக, அதுவும் நிதானத்தோடு போகிறது. அப்படியென்றால் எங்கள் பெரியது 19 நாள் அசட்டையாகத் தூங்கியது எதனால்? இரண்டும் உண்மை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. நான்காம் மாசம் ஒரு மத்தியானம், இரண்டையும் பாயில் பக்கத்தில் விட்டிருந்தபோது, சின்னது வாயில் வைக்கக் கை தேடி, கிடைத்த முஷ்டியைச் சப்ப ஆரம்பித்தது. அது பெரியதின் முஷ்டி. பெரியது தன் கையை ஒரு புதுச் சாமானைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

இந்த ஊரில் பிரிந்து படுப்பதற்கே ஒரு திருவிழா உண்டு. தை இரண்டாம் நாள் எங்கள் தெருவில்தான் அண்ணாமலையாரும் அம்மனும் ஊடிப் பிரிகிறார்கள். அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்ள, சுவாமி அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் மலையைச் சுற்றிவிட்டு வந்து சேர்கிறார். கார்த்திகை தீபத்தன்றோ இருவரும் ஒரே உடம்பாக, அர்த்தநாரியாக, சில நிமிஷம் மட்டும் வெளியே வந்துபோகிறார்கள். ஒரே உடம்பு சில நிமிஷத்துக்குத்தான் தாங்கும் என்று ஊர் ஏற்பாடு செய்துவைத்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

வருகிற கார்த்திகையில் கரும்புத் தொட்டில் என்று தங்கை வேண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையில்லாத வல்லாள ராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது ஊர்க்கதை. மாசியில் பள்ளிகொண்டாப்பட்டில் இன்றும் அவருக்குத் திதி கொடுக்கிறார் சுவாமி. பிள்ளை வரம் பெற்றவர்கள் கரும்பில் துணி கட்டிக் குழந்தையைக் கிடத்தி மாடவீதி சுற்றுவார்கள். கரும்பு விற்றவன் இரட்டைக்கு ஒரே தொட்டில் போதும், அதுதான் ராசி என்றான்.

“ரெண்டாக் கட்டுப்பா” என்றாள் அம்மா.

ஒன்றைத் தங்கையும் மாப்பிள்ளையும் தூக்கினார்கள். மற்றதை நானும் எங்கள் சித்தப்பா மகனும். கூட்டத்தில் இரண்டு தொட்டிலுக்கும் நடுவே இருபதடி விழுந்துவிட்டது. எங்களிடம் இருந்த சின்னது பே கோபுரம் தாண்டுகிறவரை கத்திக்கொண்டே வந்தது. அம்மா பக்கத்திலேயே துணியின் அடியில் கை கொடுத்தபடி நடந்தாள். முன்னால் போன தொட்டிலில் பெரியது தூங்கிக்கொண்டிருந்தது.