"இருக்கேன் மிஸ்ஸி"

நம்மவர் யாரிடமாவது "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ இருக்கேன்" என்றுதான் பதில் வரும். கேட்பவர் மருத்துவமனைத் தாதி என்றால், "நல்லாத்தான் இருக்கேன் மிஸ்ஸி" என்று ஒரு சிரிப்பும் சேர்ந்துகொள்ளும். வேலையாய் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அந்த நல்லெண்ணமே வினையாகிவிடுகிறது.

சிங்கப்பூரில் டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பை 1961ல் தொடங்கிவைத்தவர் பேராசிரியர் கூ ஊன் டெய்க். 1969ல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தை நிறுவியவரும் அவரே. இன்று அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்திலேயே டயாலிசிஸ் நிலையங்கள் உண்டு. அங்கு புதிதாக வருவோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு மூலகாரணம் நீரிழிவு. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் குடியிருக்கும் என் பெரியப்பாவும் அப்படிப் போய் வருகிறவர்தான். தேக்கா சந்தையில் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அளவாகத்தான் குடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இரவெல்லாம் உடம்பு அரிப்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வேர்க்குரு என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இரத்தத்தில் பாஸ்பரஸ் கூடினாலும் அரிக்கும். சாப்பாட்டோடு மாத்திரை கொடுத்துக் குறைக்கலாம். காலில் தசை இழுத்துப் பிடிக்கிறது என்று சொன்னால், ஒரே அமர்வில் அளவுக்கு மீறி நீரை எடுக்கிறார்களா என்று பார்ப்பார்கள். வாய் திறந்தால்தானே!

இப்படி வாய் திறக்காதவர்களுக்காகவே கேள்வித்தாள்கள் வந்தன. சிறுநீரக நோயாளிகளுக்கென்றே 36 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. அரிப்பு, மூச்சுவாங்கல், பசியின்மை, வெளியூர்ப் பயணம், தாம்பத்தியம் எல்லாம் அதில் வரும். அமெரிக்காவில் டயாலிசிஸ் நிலையங்கள் நோயாளியின் வாழ்க்கை நிலையையும் கேட்டறிய வேண்டும் என்று 2008ல் விதியே வந்தது. இப்போது தாளுக்குப் பதில் டேப்லெட், அதாவது மின்சாரச் சிலேட்டு. ஒரு கை இயந்திரத்தோடு பிணைந்திருப்பவருக்கு அதைத் தாங்குசட்டத்தில் நிறுத்திவைக்க வேண்டும். மறுகை விரலால் தொட்டால் போதும். நீரிழிவு கண்ணையும் பாதிப்பதால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்.

பதிலை வாங்கி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. நியூயார்க்கில் 766 புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017ல் வெளியானது. தங்கள் உபாதைகளைக் கணினி வழியே தெரிவித்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். உபாதை கடுமையானால் தாதிக்கு உடனே தகவல் போகும் ஏற்பாடு அதில் இருந்தது. சிறுநீரக நோய்க்கும் அதே பலன் என்று நான் சொல்ல வரவில்லை. யாரும் படிக்காத பதிலால் எந்த நோய்க்கும் பலனில்லை என்கிறேன்.

மொழியும் இருக்கிறதே! பெரியப்பாவிடம் "சோர்வாக உணர்கிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார். சோர்வு என்றால் அவருக்கு மனச்சோர்வு. "உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறதா?" என்று கேளுங்கள், தலையை ஆட்டுவார்.

ஒரு நாள் நானும் அருகில் இருந்தேன். மருமகள்தான் கேள்விகளை வாசித்து, பதிலைத் தொட்டுக்கொண்டிருந்தாள். தங்கமான பெண். குடும்பத்துக்குத் தாம் பாரம் என்று நினைப்பது உண்டா என்ற கேள்வி வந்தது. "மாமா, உங்களுக்கு அப்படியெல்லாம் இல்லைதானே?" என்றாள். "இல்லைம்மா" என்றார். வேறு என்ன சொல்வார்? அடுத்த முறை நான் அவளைக் காப்பி குடிக்க அழைத்துப் போய்விட்டேன். திரும்பி வர அரை மணி ஆயிற்று. பெரியப்பா என்ன பதில் தொட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த வாரம் நிலையத்திலிருந்து ஒரு சமூக ஊழியர் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு வெகுநேரம் பேசிவிட்டுப் போனார்.

உங்கள் ஊர் நிலையத்தில் சிலேட்டு இல்லாமல் இருக்கலாம். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் எல்லார் வீட்டிலும் உண்டு. அரிப்பு, தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல், தூக்கம் என்று நோயாளியே அதன் பின்பக்கம் தம் கைப்பட எழுதட்டும். மருத்துவரிடம் அதை நீட்டினால் போதும். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.