அவர் வாயால சொன்னாரா?

இன்னைக்கு 'ஷாஃப்ட்' படப் பாட்டு கேட்டேன். அதைப் பாடின ஐசக் ஹேஸ் ஞாபகம் வந்துடுச்சு. மனசு கனத்துப்போச்சு.

'சவுத் பார்க்' கார்ட்டூன்ல பள்ளிக்கூட சமையல்காரர் செஃபுக்குக் குரல் கொடுத்தவர்.

2005 நவம்பர்ல, அவர் நம்பின சயின்டாலஜி மதத்தையே அந்தத் தொடர் கிண்டல் பண்ணுச்சு.

2006 ஜனவரியில அவருக்குப் பக்கவாதம்.

மார்ச்ல, மத நம்பிக்கையை மதிக்கலைன்னு சொல்லி அவர் தொடர்ல இருந்து விலகிட்டார்னு அறிக்கை வந்துச்சு.

அடுத்த வாரமே, அவரோட பழைய குரல் பதிவுகளை வெட்டி ஒட்டி, கதையில செஃபைக் கொன்னுட்டாங்க.

2008ல ஹேஸே போய்ச் சேர்ந்துட்டார்.

2016ல அவர் மகன் சொன்னார்: அப்பா விலகவே இல்ல, அப்போ அவரால பேசவே முடியல, அவர் பேர்ல வேற யாரோ விலகினாங்க.

மதத்தைக் கிண்டல் பண்ற உரிமை வேணும்.
அதுக்குக் கோவிச்சுக்கிற உரிமையும் வேணும்.
ஆனா பேச முடியாதவர் பேர்ல இன்னொருத்தர் கோவிச்சுக்கறது அநியாயம்.

நீங்க என்ன சொல்றீங்க?