அப்பாயிக்கு ஜன்னல், பசங்களுக்கு உள் அறை: கப்பலில் கேபின் பிடிக்கலாமா?

ஆண்டிமடத்தைச் சுற்றி முந்திரிக்காடுதான். கடல் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். கடல் கடந்து கடாரம்வரை படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம், ஜெயங்கொண்டம் தாண்டினால் வந்துவிடும் என்பது வேறு விஷயம். பிற்காலத்தில் நாகப்பட்டினம் போய் 'ரஜூலா' கப்பலில் மலேயா, சிங்கப்பூர் போனவர்களில் பெரும்பாலோர் டெக்கில் பாய் விரித்துப் படுத்தவர்கள். கேபின் என்பதெல்லாம் வசதியானவர்கள் சமாசாரம்.

இப்போது முந்திரி சீசன் முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் நேரத்தில், எங்கள் வீட்டில் கப்பல் பேச்சு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பத் தொடங்கியது கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பல். அடுத்த ஆண்டு இலங்கைக்கும் போனது. மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அது நம் பக்கம் வரும்.

போக நினைப்பது ஆறு பேர். அப்பாயி, அப்பா, அம்மா, நான், சித்தப்பா பையன்கள் இரண்டு பேர். "தூங்கத்தானே ரூம்? இருக்கிறதிலேயே விலை கம்மியானதா ரெண்டு போடு" என்றார் அப்பா. பாதி சரிதான்.

விலை குறைந்தது ஜன்னல் இல்லாத உள் அறை. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்ததே தெரியாது. நாள் முழுக்க மேல் தளத்தில் சுற்றும் பசங்களுக்கு இது தாராளம். கடலை மேலே போய் இலவசமாகப் பார்க்கலாமே! ஆனால் முட்டிவலியோடு இருக்கும் அப்பாயி எத்தனை தடவை மேலே போவார்? ஜன்னல் அறைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு, டெக்கில் நிற்க முடியாதவருக்காகத்தான் இருக்க வேண்டும். பால்கனி அறை இன்னும் விலை. தவிர, எம்பிரஸ் 1990-ல் கட்டிய கப்பல். புதுக் கப்பல்கள் மாதிரி வரிசையாக பால்கனி கிடையாது.

அடுத்து படுக்கை. மூன்று, நான்கு பேர் அறை என்றால் இரண்டு படுக்கை கீழே, மற்றவை ரயில் அப்பர் பெர்த் மாதிரி சுவரிலிருந்து இறக்குவது. ஏணியில் ஏற முடியாதவர்களை முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கு: அப்பாயியும் அம்மாவும் ஜன்னல் அறையில், அப்பாவும் நாங்கள் மூவரும் உள் அறையில். பெரும்பாலான கப்பல்களில் ஓர் அறையின் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு. மூன்று மூன்றாகப் பிரித்தாலும் நான்கு-இரண்டு என்று பிரித்தாலும் சலுகை இரண்டு பேருக்குத்தான். ஆக, இதில் நஷ்டமில்லை.

எந்த இடத்தில் அறை என்பதைத்தான் பலரும் கேட்பதில்லை. டவுன் பஸ் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் தூக்கிப் போடுமில்லையா? கப்பலிலும் முன், பின் முனைகளில் ஆட்டம் அதிகம். மேலே போகப் போகவும் அதிகம். நடுப்பகுதி, கீழ்த்தளம்தான் வயிற்றுக்கு நல்லது. வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாட்டு, டான்ஸ் நடக்கும் கூடமென்றால் தூக்கம் போச்சு. மேலும் கீழும் அறைகளே இருந்தால் நிம்மதி. சில ஜன்னல்களை உயிர்காப்புப் படகு மறைத்திருக்கும். காசு கொடுத்துப் படகைப் பார்ப்பானேன்?

'அறை எண்ணை நாங்களே பிறகு ஒதுக்குவோம்' என்ற மலிவு டிக்கெட்டும் உண்டு. நண்பர்கள் கும்பலுக்கு ஓகே. பெரியவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு வேண்டாம். ஆளுக்கொரு தளத்தில் விழுந்தால் ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுக்க யார் ஓடுவது? எதிரெதிர் அறையோ, பக்கத்துப் பக்கத்து அறையோ எண் சொல்லிக் கேளுங்கள். நடுவே கதவு உள்ள அறைகள் இருந்தால் இன்னும் நல்லது. விளம்பர விலையோடு வரி, துறைமுகக் கட்டணமெல்லாம் சேரும் என்பதால் மொத்தத் தொகையைக் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பாயிக்கு ஒரே சந்தேகம்: "ஜன்னலைத் தொறக்கலாமாடா?"

திறக்க முடியாது அப்பாயி, கண்ணாடி மூடியேதான் இருக்கும். காற்று வேண்டுமென்றால் மேலேதான் போக வேண்டும். அதனால் லிஃப்ட் பக்கமாக ஓர் அறை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.