வெர்சிஸ் வந்தாச்சு

பழைய கிளாசிக் 350-ஐத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு கவாஸாகி வெர்சிஸ் 650 எடுத்திருக்கிறேன். ஏறக்குறைய 20 குதிரைத்திறனிலிருந்து 65க்கு ஒரே தாவல்! ஆனாலும் முதலில் என்னை அசத்தியது எஞ்சினின் நிதானம்தான். ஒற்றை சிலிண்டரில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வெடிப்பு. வேகம் 90ஐத் தாண்டினால் அந்த உதறல் ஃபுட்பெக் வழியாக உள்ளங்காலுக்கு வந்துவிடும். இதில் இரண்டு பிஸ்டன்கள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. சேலம் - நாமக்கல் நாற்கரச் சாலையில் ஆறாவது கியரிலேயே லாரியைத் தாண்டிப் போக முடிகிறது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கதையே வேறு. எடை 220 கிலோவை ஒட்டி, சீட்டும் நல்ல உயரம். முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால், கண் மட்டும் வளைவு முடியும் இடத்தில். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தீர்களோ, வண்டி சாய்ந்துவிடும். புதிதாகப் பெரிய வண்டி எடுப்பவர்கள் தயவுசெய்து காலி மைதானத்தில் இதை நன்றாகப் பழகிவிட்டு மலை ஏறுங்கள். ஏபிஎஸ்ஸை நம்பி அவசரப்படாதீர்கள்.

அடுத்து ஆழியாறு வழியாக வால்பாறை, 40 வளைவுகள். மழை விட்டதும் கிளம்புகிறேன். கூட வர ஆசைப்படுகிறவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள், ஹெல்மெட்டும் ரைடிங் ஜாக்கெட்டும் கட்டாயம்.