பனியன் மூட்டை

சேவூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏலத்துக்குப் போகும் கடலைக்காய் மூட்டையும் திருப்பூரிலிருந்து வந்த பனியன் மூட்டையும் ஒட்டி ஒட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பனியன் மூட்டையை அவிழ்த்து, அம்மாவும் அம்மாயியும் நானும் பிசிறு வெட்ட உட்காருவோம். தையல் ஓரங்களில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கும் வேலை. புதுத்துணி வாசத்தில் மூக்கு கமறும். பஞ்சு புருவத்தில் படியும். மண்ணெண்ணெய் விளக்கைத் துணிக்குப் பக்கத்தில் வைக்க அம்மா விடமாட்டாள். அதனால் இருட்டுவதற்குள் முடிக்கும் அவசரம்.

அம்மாயிக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஓவர்லாக், சிங்கர், செக்கிங், பீஸ் ரேட் எல்லாம் அதன் வாயில் கடலைக்காய், கம்பு, சோளம் போலவே புழங்கும். "ஓவர்லாக் பக்கம் பாத்து வெட்டு கண்ணு, ஓட்டை விழுந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

பனியன் ஆங்கிலச் சொல் என்று வகுப்பில் வாத்தியார் சொன்னதை ஒருநாள் அதனிடம் சொன்னேன். "நம்ம திருப்பூர்ல தைக்கிற பனியன், அதெப்படி சாமி இங்கிலீசுப் பேச்சாகும்?" என்று கேட்டது.

அந்தக் கேள்விக்கு விடை கல்லூரி நாளில்தான் கிடைத்தது. ஆங்கிலேயர் இந்தியாவில் புழங்கிய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் அது இருந்தது. குஜராத்தி வணிகரைக் குறிக்கும் 'வாணியோ', போர்த்துக்கீசியர் வழியே பனியன் ஆகி ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. நம் 'வணிக'ருக்கும் அது உறவுதான். அந்த வணிகர்கள் நிழலுக்கு ஒதுங்கிய ஆலமரத்துக்கு ஆங்கிலத்தில் அவர்கள் பெயரே வந்தது. அவர்கள் புலால் உண்ணாததால், ஆங்கிலேயக் கடற்படையில் இறைச்சி தராத நாள் 'பனியன் நாள்' ஆனது. அவர்கள் உடையைப் போன்ற தொளதொள அங்கி ஐரோப்பியக் கனவான்களின் வீட்டு உடையாகி, அதற்கும் அதே பெயர். ஆங்கிலேய நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1666இல் தன்னைப் படம் வரையவைக்க இந்திய அங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்தார் என்பதைப் படித்தபோது, அம்மாயியிடம் சொல்ல மனம் துடித்தது. அம்மாயி அப்போது இல்லை.

நீண்ட அங்கி வழக்கொழிந்தது. பெயர் இந்தியாவில் உள்சட்டையைப் பிடித்துக்கொண்டது. திருப்பூரில் 1925 வாக்கில் பின்னலாடைத் தொழில் தொடங்கியபோது, ஊருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அங்கே தைப்பது டி-ஷர்ட்டாக இருந்தாலும், குழந்தை உடுப்பாக இருந்தாலும், சேவூரில் வண்டிக்கு நிற்பவர்கள் "பனியன் கம்பெனிக்குப் போறனுங்க" என்றுதான் சொல்கிறார்கள்.

அம்மாயி கேட்டது சரியான கேள்வி. ஒரு சொல் எங்கே பிறந்தாலும், அதை வைத்துப் பிழைப்பவர்களுக்கும் அதில் பங்குண்டு. தமிழில் அகராதி செய்கிறவர்கள் அவிநாசி, சேவூர் பக்கம் ஒருமுறை வரவேண்டும். பிசிறு வெட்டிய கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.