2 மார்க், 16 மார்க், ஒரு நாவல்

பத்தாவது லீவுல 'பொன்னியின் செல்வன்' 5 பாகத்தையும் முடிச்ச ஆசாமி நான். நம்புங்க சாமி! அதே ஆளு, 2015-ல இன்ஜினியரிங் சேர்ந்தப்புறம் ரெண்டு வருஷம் ஒரு நாவலைக்கூட முடிக்கலை.

ரெகார்டு நோட்டு, இன்டர்னல்ஸ், அரியர் பயம்னு நேரமில்லாதது வாஸ்தவம்தான். ஆனா லீவுலயும் ஓடலையே? 2 மார்க், 16 மார்க்னு தேடித்தேடிப் படிச்ச கண்ணு அது. நாவலைத் திறந்தாலும் கை பென்சிலைத் தேடும். வர்ணனை வந்தா 'இது முக்கியமில்ல'ன்னு தாண்டிடும். நாலு பக்கத்துல யார் யாருன்னே தெரியாது. மூடி வெச்சிடுவேன்.

ஊருக்குப் போனா தாத்தா கேப்பார், "இப்ப என்னடா படிக்கிற?" அவர் கேக்கறது சிலபஸை இல்ல. "நெட்வொர்க்ஸ் தாத்தா"ம்பேன். சிரிக்க மாட்டார்.

கடைசில கைகொடுத்தது சுஜாதா சிறுகதைகள். (அவரும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.ல படிச்ச இன்ஜினியர்தானே, நம்ம கஷ்டம் தெரிஞ்சிருக்கும்!) காலேஜ் பஸ்ல போக ஒண்ணு, வர ஒண்ணு. பென்சில் ஞாபகம் வர்றதுக்குள்ள கதை முடிஞ்சிடும். மூணு மாசம் இப்படியே ஓட்டினேன்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அசோகமித்திரனோட 'தண்ணீர்'. சின்ன நாவல்தான், ஒரே மூச்சுல முடிச்சேன். உடனே தாத்தாவுக்குப் போன். அவர் ஜமுனாவைப் பத்தியே அரைமணி நேரம் பேசினார்.